‘கணக்குத் தப்பு’ என்று யாரிடம் சொல்வது?



மனிதர்களும் கணினிகளும் கலந்து வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அறிவுள்ள தகவல் அமைப்புகளை வடிவமைப்பது பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். பெரிய தலைப்பு. அதை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். கணினி காட்டுவது தவறு என்று நிறுவனத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தச் செய்தி அங்கிருந்து எங்கே போகும்? இதற்குப் பதில் இல்லாத அமைப்பை, அது எத்தனை வேகமானதாக இருந்தாலும், அறிவுள்ளது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே பெரும்பாலான ஊர்களில் அஞ்சலகம் என்பது ஒரு கடையின் ஒரு பக்கம்தான். முன்னால் செய்தித்தாளும் மிட்டாயும் விற்பார்கள். உள்ளே ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தபால்தலை, ஓய்வூதியம், சேமிப்பு. அதை நடத்துபவர் அரசு ஊழியர் அல்ல, ஒப்பந்தத்தின் பேரில் நடத்தும் சிறு வியாபாரி. சப்-போஸ்ட்மாஸ்டர் என்பார்கள். தெற்காசியாவிலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்கள் பல இந்தத் தொழிலில் உண்டு. 1999 முதல் இந்த அஞ்சலகங்களுக்கு ‘ஹொரைசன்’ என்ற கணினி அமைப்பு வந்தது. அதைக் கட்டிய ஐ.சி.எல். நிறுவனம் பின்னாளில் ஃபுஜிட்சு என்று பெயர் மாறியது. காகிதப் பேரேடு போயிற்று.

பேரேடு போன பிறகு ஒரு விஷயம் தலைகாட்டத் தொடங்கியது. கணக்கு முடிக்கும்போது திரை ஒரு தொகையைக் காட்டும். கல்லாவில் எண்ணிப் பார்த்தால் அதைவிடக் குறைவாக இருக்கும். சிலருக்குச் சில நூறு பவுண்டு, சிலருக்குப் பல ஆயிரம். குறையும் பணத்தை நடத்துபவரே போட்டு நிரப்ப வேண்டும் என்று அஞ்சலக நிறுவனம் ஒப்பந்தத்துக்குப் பொருள் சொன்னது. சேமிப்பைப் போட்டார்கள். வீட்டை அடமானம் வைத்துப் போட்டார்கள். அதற்கு மேல் முடியாதவர்கள் மீது திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று வழக்கு வந்தது. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 700 பேர் மீது வழக்குத் தொடுத்தது அஞ்சலக நிறுவனமேதான். சர்ரே பகுதியில் அஞ்சலகம் நடத்திய இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் 2010-இல் கருவுற்றிருந்த நிலையில் சிறைக்குப் போனார்.

மென்பொருளில் பிழைகள் இருந்தன என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். பிழை இல்லாத மென்பொருள் எங்கும் இல்லை, ஆகவே அதை மட்டும் சொல்லி நான் நிறுத்தப்போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது கணக்கு முடிக்கும் அந்தத் திரை. முதல் சில ஆண்டுகள் அதில் ஒரு வழி இருந்தது. விளங்காத தொகையை சஸ்பென்ஸ் கணக்கு என்ற தனித் தலைப்பில் ஒதுக்கி வைக்கலாம். வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. காரணம் தெரிகிறவரை அந்தத் தொகை யார் தலையிலும் விழாமல் அப்படியே நிற்கும். 2005 வாக்கில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு திரை கேட்டது இவ்வளவுதான்: குறையும் பணத்தை இப்போதே கட்டுகிறீர்களா, உங்கள் பேரில் எழுதி மையக் கணக்குக்கு அனுப்பட்டுமா? இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் அடுத்த கணக்குக் காலத்துக்குள் நுழைய முடியாது. நுழையாவிட்டால் மறுநாள் அஞ்சலகத்தைத் திறந்து வேலை பார்க்க முடியாது. ‘இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை’ என்பதற்கு அந்தத் திரையில் இடமே கிடையாது. அதைச் சொல்ல ஹெல்ப்லைனுக்குத்தான் போன் செய்ய வேண்டும். வேறு வழி தெரியாதவர்கள் பலர் டேலி ஆகிவிட்டது என்று பதிந்துவிட்டு நகர்ந்தார்கள். அப்படிப் பதிந்ததே பிறகு பொய்க்கணக்குக் குற்றமாயிற்று.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு கூட்டத்தில், ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, யாரோ சிலர் அந்தத் தலைப்பை நீக்க முடிவு செய்திருக்கிறார்கள். நிலுவையில் தொகைகள் தேங்குகின்றன, மையக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். கொடுமை செய்யும் எண்ணம் ஒருவருக்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு தலைப்போடு சேர்த்து, ‘எனக்கும் இந்தக் கணினிக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது’ என்று ஒரு மனிதர் பதிவு செய்யும் உரிமையும் போய்விட்டது. நிறுவனத்தின் பார்வையில் இனி வேறுபாடு என்பதே இல்லை. கடன் இருக்கிறது, அல்லது திருட்டு இருக்கிறது.

ஹெல்ப்லைனை அழைத்தவர்களில் பலர் பின்னாளில் சொன்ன சாட்சியம் ஒன்றே ஒன்று: ‘உங்களைத் தவிர வேறு யாரும் இப்படிச் சொல்லவில்லை’ என்றுதான் அவர்களுக்குப் பதில் கிடைத்தது. அதே நேரத்தில் ஃபுஜிட்சுவின் பொறியாளர்கள் தெரிந்த பிழைகளுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். சில பிழைகளுக்கு அவை முதலில் வெளிப்பட்ட அஞ்சலகத்தின் பெயரே வைக்கப்பட்டிருந்தது. கேலண்டர் ஸ்குவேர் பிழை, டால்மெலிங்டன் பிழை என்று. அஞ்சலகக் கணக்கைத் தொலைவிலிருந்தே, நடத்துபவருக்குத் தெரியாமல், மாற்றும் வசதியும் அவர்களுக்கு இருந்தது. அப்படி ஒரு வசதி இல்லை என்றே அஞ்சலக நிறுவனம் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. ஆக, தகவல் இல்லாமல் இந்த அநியாயம் நடக்கவில்லை. ஹெல்ப்லைனில் ஒரு பகுதி இருந்தது, பொறியாளரின் பதிவேட்டில் ஒரு பகுதி, தணிக்கையாளரின் கோப்பில் ஒரு பகுதி, வழக்கறிஞரின் மேஜையில் ஒரு பகுதி. அவை ஒன்றையொன்று சந்திக்காதபடி அந்த நிறுவனம் கட்டப்பட்டிருந்தது.

சந்திப்பு கடைசியில் எங்கே நடந்தது தெரியுமா? வார்விக்‌ஷயரில் ஃபென்னி காம்ப்டன் என்ற சிற்றூரின் பொது மன்றத்தில். 2009 மே மாதம் ‘கம்ப்யூட்டர் வீக்லி’ இதழ் ஏழு பேரின் கதையை வெளியிட்டது. அவர்களில் ஒருவரான ஆலன் பேட்ஸ், வேல்ஸில் அஞ்சலகம் நடத்தி, 2003-இல் ஒப்பந்தத்தை இழந்தவர். அவரும் மற்றவர்களும் சேர்ந்து அந்த ஆண்டு நவம்பரில் கூட்டிய கூட்டத்துக்குப் பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தனக்கு மட்டும்தான் நடக்கிறது என்று நம்பியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாடு முழுவதையும் இணைத்த ஒரு கணினி வலையமைப்பு பத்தாண்டுகளில் செய்யாத கூட்டலை, நாற்காலி போட்ட ஒரு கிராமத்து மன்றம் ஒரே நாளில் செய்தது.

பிறகு நடந்தவை நீங்கள் நாளிதழ்களில் படித்தவைதான். 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019-இல் தீர்ப்பு. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 தண்டனைகளை ரத்து செய்தது. 2024 மே மாதம் தனிச்சட்டமே போட்டு மற்றத் தண்டனைகளில் பெரும்பாலானவற்றையும் நீக்கினார்கள். 2025 ஜூலையில் வந்த பொது விசாரணை அறிக்கையின் முதல் தொகுதி, குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று சொன்னது.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்காக ஒன்று. 1984-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் ஒன்றில், கணினிப் பதிவைச் சாட்சியமாக வைப்பவர் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்ற பிரிவு இருந்தது. 1999-இல் இயற்றிய சட்டம் அதை நீக்கியது. அதன்பின், எதிராக ஆதாரம் வராதவரை கணினி சரியாகத்தான் இயங்கியது என்பது அனுமானம். எதிராக ஆதாரம் தர வேண்டியவர் சப்-போஸ்ட்மாஸ்டர். ஆதாரம் இருப்பதோ ஃபுஜிட்சுவின் சர்வரில். நம் நாட்டில், 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. நல்லதுதான். ஆனாலும் பதிவு மாற்றப்படாமல் வந்து சேர்ந்தது என்பது வேறு, பதிவில் இருப்பது நடந்தது என்பது வேறு. நம் நீதிமன்றங்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்போது கோட்பாட்டுக்கு வருகிறேன். மேலாண்மையையும் கணினி அறிவியலையும் ஒருசேரப் புரட்டிப்போட்டவர் ஹெர்பர்ட் சைமன். 1975-இல் டூரிங் விருது, 1978-இல் பொருளாதார நோபல். 1971-இல் அச்சான ஓர் உரையில் அவர் சொன்ன கருத்து இன்று ஊரெங்கும் புழங்குகிறது: தகவல் பெருகப் பெருக, அதைப் படிப்பவரின் கவனம் அருகிப்போகிறது. பெரும்பாலோர் இதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த உரையில் எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அடுத்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையில் நெருக்கடிக் காலங்களில் தந்திச் செய்திகள் குவிந்து, அச்சிடும் இயந்திரங்கள் திணறின. அதற்கு அவர்கள் கண்ட தீர்வு, இன்னும் வேகமாக அச்சிடும் இயந்திரங்களை வாங்குவது. அந்தச் செய்திகளைப் படிக்க வேண்டிய அதிகாரிகளின் எண்ணிக்கையோ நேரமோ கூடுமா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு தகவல் அமைப்பு நிறுவனத்துக்கு உதவுகிறதா என்று பார்க்க சைமன் ஓர் அளவுகோல் வைத்தார். அது வெளியே விடும் தகவலைவிட உள்ளே வாங்கிச் செரிக்கும் தகவல் அதிகமாக இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை ஹொரைசனுக்கு வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அஞ்சலகத்தின் ஒவ்வொரு பரிவர்த்தனையும் மையத்துக்குப் போனது. எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால், நேற்றுவரை ஊரின் நம்பிக்கைக்குரியவர்களாக இருந்த இத்தனை பேர் ஒரு புதிய கணினி வந்ததும் எப்படித் திருடர்களானார்கள் என்று கேட்கும் கவனம் அங்கே ஒருவரிடமும் இல்லை. அந்தக் கேள்வியை எழுப்புவதுதான் அறிவுள்ள அமைப்பின் முதல் வேலை.

இதற்கு நேர் எதிரான ஒரு கனவு 1971-இல் சிலி நாட்டில் தொடங்கியது. சால்வடோர் அலெண்டேயின் அரசு தொழிற்சாலைகளை நாட்டுடைமையாக்கிக்கொண்டிருந்தது. அவற்றை நிர்வகிக்கும் பொறுப்பிலிருந்த இளம் பொறியாளர் ஃபெர்னாண்டோ ஃபுளோரஸ், பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டாஃபோர்ட் பீர் என்ற மேலாண்மை அறிஞருக்குக் கடிதம் எழுதினார். பீர் அந்த ஆண்டு நவம்பரில் சாண்டியாகோ போய்ச் சேர்ந்தார். சைபர்சின் என்ற அந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஏழு நாற்காலிகள் போட்ட அறுகோணக் கட்டுப்பாட்டு அறையின் படத்தைப் போடாமல் இருப்பதில்லை. அழகான அறைதான். ஆனால் அந்தத் திட்டத்தின் உயிர் அங்கே இல்லை. டெலக்ஸ் இயந்திரங்களும் ஒரே ஒரு பெரிய கணினியும் வைத்துக்கொண்டு அவர்கள் வகுத்த ஒரு விதியில்தான் இருந்தது.

தொழிற்சாலையிலிருந்து தினமும் சில எண்கள் வரும். மூலப்பொருள் கையிருப்பு, உற்பத்தி, வேலைக்கு வராதவர்களின் விகிதம், இந்த மாதிரி. கணினி அவற்றை முந்தைய நாட்களோடு ஒப்பிட்டு, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நகர்ந்தால் மட்டும் வாய் திறக்கும். திறந்தால் முதலில் யாரிடம் சொல்லும் என்பதுதான் விதி. அமைச்சரிடம் அல்ல, அந்தத் தொழிற்சாலையிடம். சரிசெய்துகொள்ள அவர்களுக்கு ஓர் அவகாசம் உண்டு. அதற்குள் சரியாகாவிட்டால் மட்டுமே அடுத்த மேல்நிலைக்கு எச்சரிக்கை ஏறும். அங்கும் தீராவிட்டால் அதற்கும் மேலே. இந்த அவகாசத்தை நான் வடிவமைப்பின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றாக மதிக்கிறேன். பிரச்சினைக்கு மிக அருகில் இருப்பவருக்கு, அது பிரச்சினை என்று ஊருக்குத் தெரிவதற்கு முன்பே தெரிகிறது. மேலே இருப்பவரின் கவனமும் மிச்சமாகிறது. சப்-போஸ்ட்மாஸ்டருக்கு இப்படி ஓர் அவகாசம் கிடைத்திருந்தால், அவருக்கும் பொறியாளருக்கும் இடையே பேச்சு நடந்திருக்கும். கிடைக்காததால் தணிக்கையாளர் கதவைத் தட்டினார்.

சிலியின் கனவும் குறையில்லாதது அல்ல. எதை அளப்பது என்று முடிவு செய்யப் பொறியாளர்கள் பெரும்பாலும் மேலாளர்களிடமே பேசினார்கள். தொழிலாளர்களின் பங்கேற்பு பீர் விரும்பிய அளவுக்கு வரவேயில்லை. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்களின் வேலைநிறுத்தம் நாட்டை முடக்க முயன்றபோது டெலக்ஸ் வலை கைகொடுத்தது. எந்த ஊரில் என்ன தட்டுப்பாடு, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று செய்திகள் ஓடின. அப்போது வேலை செய்தது நுட்பமான புள்ளியியல் அல்ல, ஒருவர் எழுதியதை இன்னொருவர் உடனே படித்ததுதான். 1973 செப்டம்பர் 11-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதோடு எல்லாம் முடிந்தது.

இராணுவ அரசு சிறையில் அடைத்த ஃபுளோரஸ், விடுதலையானபின் கலிஃபோர்னியா போனார். அங்கே டெர்ரி வினோகிராட் என்ற கணினி அறிஞரோடு சேர்ந்து 1986-இல் ஒரு புத்தகம் எழுதினார். அலுவலகக் கடிதப் போக்குவரத்துக்கு ஒரு மென்பொருளும் கொண்டுவந்தார். அதில் ஒவ்வொரு செய்தியையும் இது வேண்டுகோளா, வாக்குறுதியா, மறுப்பா என்று வகைப்படுத்திவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். நோக்கம் நல்லது, யார் யாருக்கு என்ன சொல்லியிருக்கிறார் என்பது தெளிவாக இருக்கும். ஆனால் சக ஊழியரிடம் பாதி வேண்டுகோளாகவும் பாதி யோசனையாகவும் பேசிப் பழகியவர்களை ஒரு கட்டத்துக்குள் நிற்கச் சொன்னால் மூச்சு முட்டும். வகைபிரிப்பது யார், வகைபிரிக்கப்படுவது யார் என்ற கேள்வியை லூசி சக்மேன் என்ற ஆய்வாளர் எழுப்பியபோது ஆய்வுலகில் பெரிய விவாதமே நடந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தாமஸ் மலோனும் அவருடைய மாணவர்களும் இன்னொரு வழியில் போனார்கள். 1987-இல் அவர்கள் எழுதிக்காட்டிய ‘இன்ஃபர்மேஷன் லென்ஸ்’ என்ற அமைப்பை இன்றைய மாணவர்கள் படிக்க வேண்டும். கூட்ட அறிவிப்பு என்றால் நாள், நேரம், இடம், பொருள் என்று சில கட்டங்கள் இருக்கும். விருப்பமிருந்தால் நிரப்பலாம், காலியாகவும் விடலாம். கீழே சாதாரணமாக எழுத நிறைய இடம். கட்டங்களில் இருப்பதைக் கணினி புரிந்துகொண்டு வேலை செய்யும், மற்றதை அப்படியே மனிதரிடம் கொண்டுசேர்க்கும். ‘இந்தத் தலைப்பில் இன்னார் எழுதினால் முதலில் காட்டு’ என்பதுபோன்ற விதிகளைப் பயன்படுத்துபவரே எழுதிக்கொள்ளலாம், மாற்றலாம், நீக்கலாம். தெரிந்தவர்களின் பெயரோடு ‘யாராவது’ என்ற ஒரு முகவரியையும் சேர்த்துச் செய்தி அனுப்பலாம். அதில் ஆர்வமுள்ளதாக விதி எழுதி வைத்திருக்கும் முன்பின் அறியாத ஒருவருக்கு அது போய்ச் சேரும்.

இங்கே கணினி தன் எல்லையை அறிந்து நடந்துகொள்கிறது. தனக்குப் புரியாததைத் தூக்கி எறிவதில்லை, புரிந்ததாகப் பாவனை செய்வதுமில்லை. அஞ்சலகக் கணக்குத் திரையின் அடியில் இப்படி ஒரு காலிப் பெட்டி இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? ‘மாலை நாலு மணிக்குத் திரை உறைந்தது, மறுபடி தொட்டேன், தொகை இரட்டிப்பானது’ என்று எழுதியிருப்பார்கள். நூறு பெட்டிகளில் அதே வாக்கியம் வந்திருந்தால் அதைப் புரிந்துகொள்ளச் செயற்கை நுண்ணறிவு தேவைப்பட்டிருக்காது.

கீழே இருப்பவருக்குத் தெரிந்ததை நிறுவனம் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் அனுபவம் நல்ல சாட்சி. நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர்களோடு கூடவே சுற்றி, அவர்கள் வேலையைக் கவனித்தவர் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலர். நிறுவனம் தடிமனான கையேடு கொடுத்திருந்தது: இந்தப் பிழை எண் வந்தால் இதைச் செய், அதன்பின் இதைச் செய் என்று. கடினமான பழுதுகளோ கையேட்டில் இல்லாதவை. அவற்றை அவர்கள் சாப்பாட்டு மேஜையில் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லித்தான் தீர்த்தார்கள். ‘போன மாதம் எனக்கு இப்படித்தான் வந்தது, பிழை எண் ஒன்று சொல்லும், உண்மையில் கோளாறு வேறிடத்தில்’ என்று. மேலாளர்களின் கண்ணுக்கு அது அரட்டை. ஜூலியன் ஓர் அதற்கு வேலை என்று பெயர் கொடுத்தார். அவருடைய ஆய்வு 1996-இல் புத்தகமாக வந்தது.

ஜெராக்ஸின் ஆய்வாளர்கள் முதலில் செய்துபார்த்தது, பழுதைத் தானே கண்டுபிடிக்கும் ஒரு நிபுணத்துவ மென்பொருள். தொழில்நுட்பர்களுக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. கையேட்டில் இருப்பது அதற்கும் தெரியும், இல்லாதது அதற்கும் தெரியாது. பிறகுதான் வழி மாறியது. 1990-களில் பிரான்சில், தொழில்நுட்பர்களையே எழுதவைத்து ‘யுரேகா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒருவர் ஒரு தீர்வை எழுதி அனுப்புவார். அனுபவமுள்ள சக தொழில்நுட்பர்கள் அதைச் சோதிப்பார்கள். சரியென்றால் எல்லோருக்கும் போகும். எழுதியவருக்குப் பணம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது, பணத்தைவிடக் குறிப்பில் தங்கள் பெயர் இருப்பதையே அவர்கள் பெரிதாக நினைத்தார்கள். மருத்துவர் கண்டுபிடித்ததற்கு மருத்துவர் பெயர் இருக்கிறது, பழுதுபார்ப்பவர் கண்டுபிடித்ததற்கு ஏன் இருக்கக் கூடாது? யுரேகா உலகம் முழுவதும் பரவியது.

இதையெல்லாம் இன்று பேசக் காரணம் இருக்கிறது. இப்போது நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவுகளைக் கொடுத்துக் கணினிக்குக் கற்பிக்கின்றன. யார் கடனைத் திருப்பித் தரமாட்டார், யார் பொய்யாக உதவித்தொகை கேட்கிறார், எந்த விண்ணப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று அது முன்கூட்டிச் சொல்ல வேண்டுமாம். 2015-இல் அந்த அஞ்சலக நிறுவனத்தின் பதிவுகளைக் கொடுத்துக் கற்பித்திருந்தால் அது என்ன கற்றிருக்கும்? கிராமத்துச் சப்-போஸ்ட்மாஸ்டர்கள் திருடுவார்கள் என்று கற்றிருக்கும். பதிவில் அதுதானே இருந்தது? நீதிமன்றத் தீர்ப்புகளே அதற்குச் சான்றாகவும் இருந்தன. மறுப்புக்குத் திரையில் இடம் இல்லாததால் மறுப்பு பதிவாகவில்லை. பதிவாகாததை எந்த இயந்திரமும் கற்க முடியாது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை மோசடிக்காரர்களாக்கி, 2021 ஜனவரியில் ஓர் அரசே பதவி விலகியது. ஆஸ்திரேலியாவில் ஆண்டு வருமானத்தைச் சராசரியாக வகுத்து, இல்லாத கடனை ஏழைகள் தலையில் எழுதிய ‘ரோபோடெட்’ திட்டத்தை 2023-இல் அரச ஆணையம் கடுமையாகக் கண்டித்தது. இரண்டிலும் நிரூபிக்கும் சுமை முழுவதும் சாதாரண மனிதர் மீதே விழுந்தது.

ஆகவே ஓர் அமைப்பை வடிவமைக்க உட்காரும்போது, திரையில் மறுப்புக்கு ஓர் இடம் வைப்பதை முதல் நாளிலேயே தீர்மானியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது. மறுப்பு வந்தால் தொகையோ தகுதியோ அதே நிலையில் நிற்க வேண்டும், மறுத்தவர் மீது சாயக் கூடாது. மையத்தில் இருப்பவர் பார்க்கும் அதே பதிவை அவரும் பார்க்க முடிய வேண்டும். ஒரே மாதிரி மறுப்புகள் பல இடங்களிலிருந்து வந்தால் அவை தாமாகவே ஒன்றுசேர்ந்து, பொறுப்பில் இருக்கும் ஒரு மனிதரின் மேஜைக்குப் போக வேண்டும். அந்த மனிதர் யார் என்று டெண்டர் ஆவணத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இது செலவு பிடிக்கும் வேலை என்பார்கள். பிரிட்டனில் இன்று இழப்பீட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2017-இல் ரேஷன் அட்டை ஸ்மார்ட் கார்டாக மாறியது. 2020 அக்டோபர் முதல் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. நாற்று நட்டு, பாத்திரம் தேய்த்து, பீடி சுற்றித் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழுவதில்லை. கடையில் நிற்கும் மூதாட்டியை விற்பனையாளருக்கு முப்பது ஆண்டாகத் தெரியும். மெஷினுக்குத் தெரியாது. இந்தச் சிக்கலை அரசுகள் உணராமல் இல்லை. ஆதார் இல்லை என்றோ, ரேகை விழவில்லை என்றோ யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, அப்படிப்பட்டவர்களுக்குத் தனிப் பதிவேட்டில் குறித்துப் பொருள் கொடுக்க வேண்டும் என்று 2017 அக்டோபரிலேயே மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. வயதானவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமித்து அனுப்பும் வசதியையும் தமிழ்நாடு வைத்திருக்கிறது. இவை சரியான ஏற்பாடுகள். மெஷின் மறுத்தாலும் மனிதர் கொடுக்கலாம் என்று விதியே சொல்கிறது.

என் கவலை அந்தத் தனிப் பதிவேட்டைப் பற்றியது. அதில் எழுதப்படுபவை கடையோடு தங்கிவிட்டால், விற்பனையாளர் ஒவ்வொருவரும் மறுபடி தனித்தனியாகத்தான் நிற்பார்கள். ‘உங்கள் கடையில் மட்டும் ஏன் இத்தனை விதிவிலக்கு’ என்ற கேள்விக்குப் பயந்து சிலர் எழுதாமலே விடுவார்கள், மூதாட்டியை நாளை வரச் சொல்வார்கள். அதுவே அந்தப் பக்கங்களைத் தாலுகா அளவில் மாதம் ஒருமுறை கூட்டிப் பார்த்தால் நிலைமை வேறு. எந்த ஊரில் எந்தத் தொழில் செய்பவர்களுக்கு ரேகை விழுவதில்லை, எந்தக் கடையின் மெஷின் பழுது, எங்கே சிக்னல் இல்லை என்பது வெளிச்சத்துக்கு வரும். இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். கடை எண், தேதி, காரணம் எழுத ஒரு வரி, அவ்வளவு போதும். பெயரோ ஆதார் எண்ணோ தேவையே இல்லை.

இந்தக் கல்லூரியைச் சுற்றி நாலைந்து கிராமங்கள் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்கள் அந்த ஊர்க் கடைகளின் விற்பனையாளர்களோடு உட்கார்ந்து பேசி, வட்ட வழங்கல் அலுவலரின் அனுமதியோடு, இப்படி ஓர் அமைப்பை ஒரு பருவத்துக்குள் கட்டிவிட முடியும் என்று நினைக்கிறேன். திரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை முதலில் விற்பனையாளர்களிடம் கேளுங்கள், வரிசையில் நிற்பவர்களிடமும் கேளுங்கள். முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், வேலையை இன்றே பிரித்துக்கொள்ளலாம்.